ஐடிபி இருக்கு சரி, எந்த வருஷத்து ஐடிபி?

வியட்நாம்ல ஹா ஜியாங்னு ஒரு ஊரு. வடக்கு கோடி, சைனா பார்டர் பக்கம். அங்க ஒரு வாடகை பைக் கடையில 2024 நவம்பர்ல நடந்தத மொதல்ல சொல்லிடறேன், மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. காலைல ஏழு மணி, நல்ல குளிரு, நானும் என் காலேஜ் ஃப்ரெண்டும் கடை வாசல்ல நிக்கிறோம், வரிசையா ஹோண்டா வண்டிங்க நிக்குது, நாங்க மனசுக்குள்ள வண்டிய செலக்ட் பண்ணியே முடிச்சாச்சு. கடைக்கார அம்மா லைசென்ஸ் கேட்டாங்க. நான் ரொம்ப நம்பிக்கையா நம்ம ஊர் ஸ்மார்ட் கார்டையும் ஐடிபி புத்தகத்தையும், அதாவது வெளிநாட்டுல வண்டி ஓட்ட நம்ம கவர்மென்ட் கொடுக்கற இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டையும், எடுத்து நீட்டினேன். அவங்க உள்ள ஒரு பக்கம்கூட புரட்டல. அட்டையில போட்டிருந்த ஒரு நம்பர் மேல வெரல வச்சு என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. 1949. அப்புறம் ஃபோன்ல டிரான்ஸ்லேட்டர்ல ஏதோ டைப் பண்ணி காட்டினாங்க: இது இங்கே செல்லாது, 1968 வேண்டும், போலீஸ் நிறுத்துவார்கள்.

எனக்கு ஒண்ணும் புரியல. காசு கட்டி, ஃபார்ம் போட்டு, ஆர்டிஓ ஆபீஸ்ல கவர்மென்ட் முத்திரையோட வாங்கின பேப்பரு. போலியும் இல்ல, காலாவதியும் ஆகல. வாங்கி மூணு மாசம்தான் ஆகுது. அது எப்படி செல்லாம போகும்?

அந்தக் கேள்விக்கு பதில் அன்னைக்கு ராத்திரி ஹோம்ஸ்டேல உக்காந்து தேடித் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது. நம்ம ஊர்ல இருந்து இப்ப எவ்வளவு பேரு பைக் ஓட்டணும்னே வெளிநாடு கிளம்புறாங்க. திருச்சில இருந்தே 2023 நவம்பர்ல ஹோசிமின் சிட்டிக்கு நேரடி ஃபிளைட் விட்டாங்க, அதுல ஏறினவங்கள்ல பாதிப்பேரு ஃபோன்ல ஹா ஜியாங் மலைரோடு வீடியோவ பார்த்துட்டு இருந்ததை நானே பார்த்தேன். அதனால தெரிஞ்சத விலாவாரியா எழுதி வச்சிடறேன்.

ஐடிபிங்கறது தனியா ஒரு லைசென்ஸ் கிடையாது. நம்ம லைசென்ஸோட மொழிபெயர்ப்பு, அதுகூட ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் இருக்கற வாக்குறுதி. உன் ஆளு என் ரோட்டுல ஓட்டலாம், என் ஆளு உன் ரோட்டுல ஓட்டலாம், அவ்வளவுதான் விஷயம். ஆனா அந்த வாக்குறுதி உலகத்துல எல்லாரும் சேர்ந்து ஒரே காகிதத்துல போட்டது இல்ல. 1926-ல பாரிஸ்ல ஒண்ணு போட்டாங்க, அது இப்ப கிட்டத்தட்ட வழக்குலயே இல்ல. 1949-ல ஜெனீவால ஒண்ணு, 1968-ல வியன்னால ஒண்ணு. நிஜமா நமக்கு வேலைக்கு வர்றது இந்த ரெண்டும்தான். இந்தியா ஐடிபி கொடுக்கறது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி. வியட்நாம் 2014-ல சேர்ந்தது 1968 வியன்னா ஒப்பந்தத்துல, 1949 புத்தகத்த அங்க ஏத்துக்கறதில்ல. ஆக நம்ம நாடு ஒரு காகிதத்துல கையெழுத்து போட்டிருக்கு, அவங்க வேற காகிதத்துல போட்டிருக்காங்க, ரெண்டுக்கும் நடுவுல நாம புத்தகத்த நீட்டிட்டு நிக்கிறோம். அமெரிக்காக்காரங்க, ஆஸ்திரேலியாக்காரங்க கொண்டு வர்ற ஐடிபியும் 1949 தான், அவங்களுக்கும் அங்க இதே கதிதான். அன்னைக்கு அந்தக் கடையிலயே ஆஸ்திரேலியா பசங்க ரெண்டு பேரு எங்க பக்கத்துல அதே மாதிரி முழிச்சுட்டு நின்னாங்க.

அன்னைக்கு சாயங்காலம் ஹோம்ஸ்டேல ஒரு ஜோடிய பார்த்தோம். யாழ்ப்பாணத்துல பிறந்து சின்ன வயசுலயே லண்டன் போயிட்டவங்களாம். நாங்க தமிழ்ல புலம்பிட்டு இருந்தது காதுல விழுந்து அவரே வந்து பேசினாரு. "என்ன அண்ணை, உங்களுக்கும் வண்டி தரேல்லையோ?" அப்படின்னு கேட்டுட்டு அவரோட புத்தகத்த எடுத்து மேசையில வச்சாரு. நான் என்னோடதையும் பக்கத்துல வச்சேன். பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கு ரெண்டும். அதே சைஸு, அதே மாதிரி அட்டை, உள்ள அதே மாதிரி பல மொழியில ஒரே விஷயம். அவரோடதுல 1968. பிரிட்டன் அந்த வியன்னா ஒப்பந்தத்துக்குள்ள வந்தது 2019 மார்ச்சுல, அதுக்கப்புறம் அவங்க ஊர்ல 1949 புத்தகமும் கிடைக்குது, 1968 புத்தகமும் கிடைக்குது, போற நாட்டுக்கு எது வேணுமோ அத கேட்டு வாங்கணும். அஞ்சரை பவுண்டுதான். அவரோடது மூணு வருஷம் செல்லும், என்னோடது ஒரே வருஷம். மறுநாள் அவரு தன் மனைவிய பின்னாடி உக்கார வச்சுட்டு தானே ஓட்டிட்டுப் போனாரு. ரெண்டு பேரும் தமிழ் பேசறோம், ஒரே ரோடு, ஒரே மாதிரி வண்டி, புத்தகத்துல வருஷம் மட்டும் வேற.

இதுல எனக்கு வலிச்ச விஷயம் என்னன்னா, நான் ஐடிபி விஷயத்துல அலட்சியமா இருந்தவன் இல்ல. எங்க வீட்டுல அதே வருஷம் ஜனவரில ஒரு பெரிய அடி வாங்கியிருந்தோம், அதனாலதான் அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினேன். பார்க்க வேண்டியதுல ஒண்ண பார்த்தேன், இன்னொண்ணு இருக்குன்னே தெரியல.

அந்த ஜனவரி கதையையும் சொல்றேன். என் மச்சினன், என் மனைவியோட தம்பி, ஆபீஸ் பசங்களோட தாய்லாந்து போனான். அங்க சியாங் மாய்ல இருந்து பாய்ங்கற மலை ஊருக்குப் போற 1095-ம் நம்பர் ரோடு, 762 வளைவுன்னு டீசர்ட்ல எல்லாம் அச்சடிச்சு விப்பாங்க, அவ்வளவு பேர் போன ரோடு. இவன் கையில ஐடிபி இருந்துச்சு. தாய்லாந்து 1949 ஒப்பந்தத்துலயும் இருக்கு, 2020-ல 1968-லயும் சேர்ந்துடுச்சு, அதனால நம்ம புத்தகம் அங்க செல்லும். அதுல சிக்கல் இல்ல. சிக்கல் கடைசி பக்கத்துல இருந்துச்சு.

ஐடிபி வச்சிருக்கறவங்க இப்பவே எடுத்து கடைசி பக்கத்த பாருங்க. ஃபோட்டோ ஒட்டியிருக்கும், பக்கத்துல ஏ, பி, சி, டி, இ-ன்னு அஞ்சு எழுத்து இருக்கும், எந்த வண்டிக்கு அனுமதி இருக்கோ அந்த எழுத்துக்கு நேரா மட்டும் முத்திரை இருக்கும். ஏ-ன்னா மோட்டார் சைக்கிள். பி-ன்னா கார். சி லாரி, டி பஸ், இ டிரெய்லர் இழுக்கறது. மச்சினனோட புத்தகத்துல பி-க்கு மட்டும்தான் முத்திரை. ஏன்னா அவனோட லைசென்ஸே கார் லைசென்ஸ் மட்டும்தான், எல்எம்வி. காலேஜ் முடிச்சதும் டிரைவிங் ஸ்கூல்ல சேர்த்து கார் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தாங்க, பைக்குதான் பத்தாவதுல இருந்தே ஓட்டறோமேன்னு அதுக்கு தனியா எடுக்கவே இல்ல. நம்ம ஊர்ல இப்படி எத்தனை பேரு! பதினெட்டு வருஷமா ஹெல்மெட் போட்டுட்டு, ஒழுங்கா சிக்னல்ல நின்னு, ஒரு கேஸ் கூட வாங்காம ஓட்டினவன் அவன், ஆனா சட்டத்தோட கண்ணுல அவன் பைக் ஓட்டவே தெரியாதவன்.

சியாங் மாய்ல கடைக்காரரு லைசென்ஸ பார்க்கவே இல்ல. பாஸ்போர்ட் காப்பியும் டெபாசிட்டும் வாங்கிட்டு சாவிய கொடுத்துட்டாரு. பாதி தூரத்துல ஒரு வளைவுல ரோட்டோரம் மண்ணு சரிஞ்சு பரவிக் கிடந்திருக்கு, முன் சக்கரம் வழுக்கி விழுந்துட்டான். வலது தோள்பட்டை எலும்பும், முழங்காலுக்குக் கீழ எலும்பும் உடைஞ்சுது. ஆஸ்பத்திரில நல்லாத்தான் பார்த்தாங்க, அந்த ஊரு டாக்டருங்கள கையெடுத்துக் கும்பிடணும். பிளேட்டு வச்சு, அஞ்சு நாள் படுக்கையில இருந்து வெளிய வர்றப்ப பில்லு நம்ம காசுல கிட்டத்தட்ட நாலு லட்சம். டிராவல் இன்சூரன்ஸ் போட்டுத்தான் போனான். கிளெய்ம் போட்டோம். போலீஸ் ரிப்போர்ட் கேட்டாங்க, லைசென்ஸ் காப்பி கேட்டாங்க, ஐடிபியோட எல்லா பக்கமும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு லெட்டர் வந்துச்சு, ஓட்டின வண்டிக்கான செல்லுபடியாகும் உரிமம் இல்லாததால கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது, அவ்வளவுதான். என் மனைவி கல்யாணத்துக்குப் போட்ட ரெண்டு வளையல் பேங்க் லாக்கர்ல இருந்து அடகுக் கடைக்குப் போச்சு.

லெட்டரப் பார்த்து ரொம்ப கோவப்பட்டோம், ஆனா பாலிசி புத்தகத்த எடுத்து பொறுமையா படிச்சப்ப அது அங்க எழுதித்தான் இருந்துச்சு. இத எல்லாரும் ஒரு தடவ செய்யணும்னு மனசார கேட்டுக்கறேன். டிராவல் பாலிசில எதெதுக்கு காசு கிடைக்காதுன்னு ஒரு பகுதி இருக்கும், நாம அந்தப் பக்கத்துக்கே போறதில்ல. பைக்குன்னு வந்தா அதுல மூணு இடத்துல கத்தி இருக்கும். அந்த நாட்டுல செல்லுபடியாகற லைசென்ஸ் இல்லாம ஓட்டினா கிடையாது, ஹெல்மெட் போடலன்னா கிடையாது, குடிச்சிருந்தா கிடையாது. சில பாலிசில இத்தனை சிசிக்கு மேல வண்டி ஓட்டினா கிடையாதுன்னு நாலாவதா ஒண்ணும் இருக்கும். ஐடிபி எதுக்கு, போலீஸ் புடிச்சா ஃபைன் கட்டிட்டுப் போறேன்னு சொல்றவங்ககிட்ட நான் சொல்றது இதுதான். ஃபைன் சின்ன விஷயம். ஃபைன் கட்டின ரசீது ஆஸ்பத்திரி பில்லுக்கு உதவாது.

இதனாலதான் நான் ஐடிபி எடுக்கறப்ப ஏ முத்திரை இருக்கா ஏ முத்திரை இருக்கான்னு கவுன்டர்லயே நின்னு நாலு தடவ பார்த்தேன். என்னோட லைசென்ஸ்ல எல்எம்வியோட எம்சிடபிள்யூஜியும் இருக்கு, அதாவது கியர் வச்ச மோட்டார் சைக்கிள், அதனால ஏ-யும் பி-யும் ரெண்டும் விழுந்துச்சு. எடுக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. போக்குவரத்துத் துறையோட பரிவாகன் சைட்டுல சாரதிங்கற லைசென்ஸ் பகுதிக்குள்ள போயி, லைசென்ஸ் நம்பர் போட்டு, ஃபார்ம் 4ஏ, ஆயிரம் ரூபா ஃபீஸு, பாஸ்போர்ட் காப்பி. 2021-ல வந்த ரூல்படி மெடிக்கல் சர்டிஃபிகேட், விசா எல்லாம் கட்டாயம் இல்லன்னு ஆக்கிட்டாங்க, போன எடத்துல இறங்கினதும் விசா கொடுக்கற நாடுங்க எவ்வளவோ இருக்கே அதனால. வெளிநாட்டுல இருக்கறப்ப ஐடிபி முடிஞ்சுட்டா நம்ம எம்பசி வழியா புதுப்பிக்கலாம்ங்கறதும் அதே ரூல்லதான் வந்துச்சு, கல்ஃப்ல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். 2022-ல இருந்து நாடு முழுக்க ஒரே மாதிரி புத்தகம், லைசென்ஸோட இணைச்ச க்யூஆர் கோடும் உண்டு. முன்னாடி ஒவ்வொரு மாநிலத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கும், பல நாட்டு போலீஸ் சந்தேகப்படுவாங்க.

ஒரு விஷயம், ஆன்லைன்ல மூணு வருஷ ஐடிபி, அஞ்சு வருஷ ஐடிபி, பத்து நிமிஷத்துல கிடைக்கும்னு விளம்பரம் வரும். அத வாங்காதீங்க. பார்க்க அச்சு அசலா இருக்கும், ஆனா அரசாங்கமோ, அரசாங்கம் அதிகாரம் கொடுத்த அமைப்போ கொடுக்காத காகிதத்துக்கு எந்த ஒப்பந்தத்துலயும் மதிப்பு இல்ல. நம்ம 1949 புத்தகம் ஒரு வருஷத்துக்கு மேல தரவே முடியாது, மேல எவன் தர்றேன்னு சொன்னாலும் அங்கயே தெரிஞ்சிடணும். அதே மாதிரி ஐடிபிய மட்டும் எடுத்துட்டுப் போயி ஒரிஜினல் லைசென்ஸ வீட்டு பீரோல வச்சுட்டுப் போறவங்களும் இருக்காங்க. மொழிபெயர்ப்ப மட்டும் கொண்டு போயி மூலத்த விட்டுட்டுப் போற மாதிரி அது. ரெண்டும் சேர்ந்துதான் செல்லும்.

சரி, வியட்நாமுக்கு திரும்ப வர்றேன். அந்தக் கடைக்கார அம்மா நினைச்சிருந்தா எங்களுக்கு வண்டி கொடுத்திருக்கலாம். பக்கத்து தெருவுலயே ஒருத்தரு பாஸ்போர்ட் காட்டினா போதும்னு வண்டிய தள்ளிட்டு வந்து நிறுத்தினாரு. என் ஃப்ரெண்டு சபலப்பட்டான், இவ்வளவு தூரம் வந்துட்டு பின்சீட்டுலயா போறதுன்னு. எனக்கு மச்சினன் கால்ல பிளேட்டோட வீல்சேர்ல ஏர்போர்ட்ல இருந்து வெளிய வந்தது கண்ணு முன்னாடி வந்துச்சு. வேணாம்டான்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டேன். எங்களுக்கு நாலு நாள் கழிச்சு ஒரு விஷயம் தெரிஞ்சுது, அந்த ஊர்ல இருந்து மலைக்குப் போற வழியிலயே போலீஸ் நின்னு வெளிநாட்டுக்காரங்கள மட்டும் ஓரங்கட்டி புத்தகத்த வாங்கி வருஷத்த பார்க்கறாங்க. அதுக்கப்புறம் 2025 ஜனவரி 1-ல இருந்து அங்க புது அபராதம் வந்துடுச்சு, 125 சிசி வரைக்கும் உள்ள வண்டிய லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 20 லட்சத்துல இருந்து 40 லட்சம் டாங், அதுக்கு மேல உள்ள வண்டின்னா 60 லட்சத்துல இருந்து 80 லட்சம் டாங். டாங்ல லட்சக்கணக்குல இருக்கறதால பயந்துடாதீங்க, நம்ம காசுல மொத கணக்கு சுமார் ஏழாயிரத்துல இருந்து பதிமூணாயிரம், ரெண்டாவது இருபதாயிரத்துக்கு மேல. வண்டியையும் புடிச்சு வச்சுக்குவாங்க, அந்த நாளுக்கெல்லாம் கடைக்காரருக்கு வாடகை நாமதான் கட்டணும். இதுவும் போக, லைசென்ஸ் இல்லாம ஓட்டி ஒரு உயிர் போச்சுன்னா அந்த ஊரு சட்டத்துல தண்டனை இன்னும் கூடும். நம்ம ஊரு இல்ல அது, மாமா போலீஸ்ல இருக்காருன்னு ஃபோன் போட முடியாது.

50 சிசிக்குள்ள இருக்கற வண்டிக்கு வியட்நாம்ல லைசென்ஸே வேணாம், அதனால ஹா ஜியாங்ல இப்ப 50 சிசி வண்டியும் வாடகைக்கு தர்றாங்க. சட்டப்படி சரிதான். ஆனா நான் அதுக்கு ஆதரவா பேச மாட்டேன், ஏன்னா அந்த மலைய நான் பார்த்துட்டேன். அந்த ஏத்தத்துல ஒரு ஆளையும் பையையும் வச்சுகிட்டு 50 சிசி மூச்சு முட்டும், பின்னாடி சரக்கு லாரி வரும், நமக்கு ஓரம் ஒதுங்க எடம் இருக்காது. அதுவும் போக அங்க ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டணும். நேர் ரோட்டுல பழகிடும், ஆனா ஒரு வளைவுல திடீர்னு எதிர்ல வண்டி வந்தா நம்ம கை தானா இடது பக்கம்தான் போகும், இருபது வருஷப் பழக்கம், மூளைய கேட்காமலே கை போயிடும். அந்த ஒரு நொடிய நினைச்சா எனக்கு இப்பவும் வயித்த பெசையுது.

கடைசில ஈஸி ரைடர் எடுத்தோம். அதாவது உள்ளூர்க்காரர் ஒருத்தர் ஓட்டுவாரு, நாம பின்னாடி உக்காரணும். செலவு சொந்தமா ஓட்டறத விட ரெண்டு மடங்குக்கு மேல. எனக்கு வந்தவரு இருபத்திநாலு வயசு, மோங் இனத்துக்காரரு, அந்த மலைலயே பிறந்து வளர்ந்தவரு. ஹோண்டா எக்ஸ்ஆர் 150. மொத பத்து கிலோமீட்டர் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. காலேஜ்ல இருந்து நானா ஓட்டித்தான் பழக்கம், யாரு பின்னாடியும் உக்காந்ததில்ல, வளைவு வர்றப்பெல்லாம் என் வலது கால் பிரேக்க தேடும். அவரு அத கவனிச்சிருக்காரு. ஒரு வியூ பாயின்ட்ல நிறுத்தினப்ப தன் தோள தட்டிக் காட்டி, என்னைப் பார்த்து, கைய சாய்ச்சு சாய்ச்சு காட்டினாரு. நான் சாயறப்ப நீயும் சாயி, அதுதான். அதுக்கப்புறம் அவரு தோளுக்கு மேல என் பார்வைய வச்சுகிட்டு அவரோடவே சாய ஆரம்பிச்சேன், கால் தேடறது நின்னு போச்சு.

அவரு ஓட்டற விதத்த பத்தி சொல்லணும். எதிர்ல ஆளு தெரியாத ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன். ஒண்ணே ஒண்ணு, சின்னதா. அடுத்து, ஒரு வினாடி காது கொடுப்பாரு. எதிர்ல இருந்து பதில் ஹாரன் வந்தா வண்டிய நல்லா வலது ஓரத்துக்கு இறக்கிடுவாரு. வரலன்னா போவாரு. கொல்லிமலை எழுபது கொண்டை ஊசி வளைவ நான் எத்தனையோ தடவ ஓட்டியிருக்கேன், அங்க நாம ஹாரன் அடிக்கறது வழிவிடுன்னு சொல்றதுக்கு. இவரு அடிக்கறது நான் வர்றேன், நீ இருக்கியான்னு கேக்கறதுக்கு. எறக்கத்துல கியர இறக்கி இன்ஜினாலயே வண்டிய புடிச்சுக்குவாரு, பிரேக் லைட்டே எரியாது. காலைல மூடுபனில ரோடு நனைஞ்சிருக்கற எடம், எருமை குறுக்க வர்ற கிராமம், பசங்க ஸ்கூல் விட்டு ரோட்டுல நடந்து வர்ற நேரம், எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மூணாவது நாள் மா பி லெங் கணவாய் வந்துச்சு. டோங் வான்ல இருந்து மியோ வாக் போற வழி, இருபது கிலோமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தா நிக்குது, இன்னொரு பக்கம் பாதாளத்துல நோ குவே ஆறு, பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. யுனெஸ்கோ 2010-லயே இந்த டோங் வான் பீடபூமிய ஜியோபார்க்னு, அதாவது புவியியல் பூங்கான்னு அறிவிச்சிருக்கு. இந்த ரோட்டுக்கு மகிழ்ச்சிப் பாதைன்னு பேரு, 1959-ல ஆரம்பிச்சு 1965 வரைக்கும் அந்தந்த மலை இன மக்களும் இளைஞர் தொண்டர்களும் பெரும்பாலும் கைக்கருவியாலயே வெட்டின ரோடு. இந்த கணவாய் எடத்துல நிக்கவே எடம் இல்லாததால இடுப்புல கயித்த கட்டிகிட்டு பாறைல தொங்கிகிட்டே மாசக்கணக்கா உடைச்சிருக்காங்க. மேல அவங்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, என் டிரைவரு அங்க ஹெல்மெட்ட கழட்டிட்டு ஒரு நிமிஷம் நின்னாரு, நானும் நின்னேன். ஓட்டிட்டு வந்திருந்தா அந்த ஆத்த நான் பார்த்திருக்கவே முடியாது, கண்ணு ரோட்ட விட்டு நகர்ந்திருக்காது. இத ஆறுதலுக்கு சொல்லல, அந்த இருபது கிலோமீட்டர் முழுக்க நான் தலைய திருப்பி வச்சுகிட்டு ஆத்தையே பார்த்துட்டு வந்தேன்.

ராத்திரி ஹோம்ஸ்டேல சோளத்துல காய்ச்சின சாராயம் எல்லாருக்கும் ஊத்துவாங்க, அது அங்க விருந்தோம்பல். எங்க டிரைவருங்க ரெண்டு பேரும் ஒரு சொட்டு தொடல. வியட்நாம்ல 2020-ல இருந்து வண்டி ஓட்டறவங்க ரத்தத்துல ஆல்கஹால் பூஜ்யமா இருக்கணும், இவ்வளவு வரைக்கும் பரவாயில்லங்கற கணக்கே இல்ல. நேத்து ராத்திரி குடிச்சது இன்னைக்கு காலைல ஊதினாலும் காட்டும். பக்கத்து மேசைல தானே ஓட்டிட்டு வந்த வெளிநாட்டுப் பசங்க நடுராத்திரி வரைக்கும் குடிச்சுட்டு காலைல எட்டு மணிக்கு வண்டிய எடுத்தாங்க, என்னால பார்த்துட்டு சும்மா இருக்க முடியாம போயி சொன்னேன், சிரிச்சுட்டு போயிட்டாங்க.

ஆக எங்க போறதா இருந்தாலும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த நாடு 1949-லயா 1968-லயான்னு பாருங்க. ஐக்கிய நாடுகள் சபையோட ஒப்பந்தப் பட்டியல் ஆன்லைன்லயே இருக்கு, நாட்டு பேர தேடினா வந்துடும். ஜப்பான், மலேசியா, தாய்லாந்து, இலங்கை இதெல்லாம் 1949-ல இருக்கற நாடுங்க. ஆனா இலங்கைல நம்ம ஐடிபிய மட்டும் காட்டினா போதாது, கொழும்புல இருக்கற ஆட்டோமொபைல் அசோசியேஷன்ல அத பதிவு பண்ணி அவங்க அனுமதி வாங்கணும், இல்லன்னா அந்த நாட்டு மோட்டார் டிபார்ட்மென்ட்ல தற்காலிக லைசென்ஸ் எடுக்கணும். யாழ்ப்பாணம் வரைக்கும் பைக்குல போகணும்னு ஆசைப்படறவங்க இத மொத நாளே முடிச்சுடுங்க. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு இன்னொரு வழி இருக்கு, ஆசியான்ங்கற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளுக்குள்ள ஒருத்தர் லைசென்ஸ இன்னொருத்தர் ஏத்துக்கற ஒப்பந்தம் 1985-லயே போட்டிருக்காங்க, வியட்நாமும் ஆசியான்லதான் இருக்கு, நீங்க உங்க லைசென்ஸ வச்சு அந்தப் பக்கமா விசாரிச்சுப் பாருங்க. நேபாளத்துக்கு நம்ம இந்திய லைசென்ஸே போதும், ஐடிபியே வேணாம், நம்ம வண்டிய எடுத்துட்டுப் போனா பார்டர்ல பன்சார்னு வரி கட்டி சீட்டு வாங்கணும், அவ்வளவுதான். வியட்நாம்லயே மூணு மாசத்துக்கு மேல தங்க அனுமதி இருக்கறவங்க நம்ம லைசென்ஸ அந்த ஊரு லைசென்ஸா மாத்திக்கலாம், வேலைக்குப் போறவங்களுக்கு அதுதான் சரியான வழி.

வாடகைக்கடைக்காரர் வண்டி கொடுக்கறதும் சட்டம் அனுமதிக்கறதும் ஒண்ணு இல்லங்கறத மட்டும் தயவு செஞ்சு மனசுல வச்சுக்கோங்க. அவருக்கு வேண்டியது வாடகையும் டெபாசிட்டும். எங்களுக்கு கொடுக்க மாட்டேன்னு சொன்ன அந்த அம்மாவுக்கு அன்னைக்கு ரெண்டு வண்டிக்கு நாலு நாள் வாடகை நஷ்டம். தெரிஞ்சேதான் வேணாம்னாங்க. கிளம்பறப்ப அவங்க கடைக்குப் போயி நன்றி சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன், எதுக்கு நன்றின்னு அவங்களுக்குப் புரிஞ்சுதான்னு தெரியல, ஒரு டம்ளர் சூடா டீ ஊத்திக் கொடுத்தாங்க.

மச்சினன் கால் இப்ப நல்லா ஆயிடுச்சு, பிளேட்டு மட்டும் உள்ளயே இருக்கு. போன வருஷம் முறைப்படி எல்எல்ஆர் போட்டான். முப்பது நாள் கழிச்சு ஆர்டிஓ கிரவுண்டுல, முப்பத்தெட்டு வயசுல, பதினெட்டு வயசுப் பசங்களுக்கு நடுவுல வரிசைல நின்னு எட்டு போட்டான். நானும் கூடப் போயிருந்தேன். கால கீழ ஊனாம ரெண்டு சுத்து. இன்ஸ்பெக்டர் தலையாட்டினதும் அவன் வண்டிய ஓரமா நிறுத்திட்டு, "மாமா, எம்சிடபிள்யூஜி வந்துடும்ல?"ன்னுதான் மொதல்ல கேட்டான். லைசென்ஸ் கார்டு வந்ததும் புதுசா ஐடிபிக்கு அப்ளை பண்ணி, புத்தகம் கைக்கு வந்த அன்னைக்கு கடைசி பக்கத்த ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான், ஏ-க்கு நேரா முத்திரை நல்லா அழுத்தமா விழுந்திருக்கு. அவன் அக்கா அத பார்த்துட்டு ஒண்ணும் பேசல, ஃபோன என்கிட்ட கொடுத்துட்டு அட்டைய காட்டச் சொல்லு, எந்த வருஷம்னு பார்க்கணும்னு சொன்னா.